தோற்கும் அணியிலும் பெரிய ஆட்டக்காரர் உண்டு

1970 பிப்ரவரி 21. அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில், எல்.எஸ்.யூ. என்று எல்லோரும் அழைக்கும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி கென்டக்கிப் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. எல்.எஸ்.யூ.வின் பீட் மராவிச் அன்று ஒற்றை ஆளாக 64 புள்ளிகள் எடுத்தார். கென்டக்கியின் டான் இஸ்ஸல் எடுத்தது 51. ஆட்டம் முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: கென்டக்கி 121, எல்.எஸ்.யூ. 105. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு அலபாமாவுக்கு எதிராக மராவிச் 69 புள்ளிகள் குவித்திருந்தார். அந்த ஆட்டமும் 106-104 என்று தோல்வியில்தான் முடிந்தது.

இந்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் 133 புள்ளிகள் எடுத்து, இரண்டிலும் தோற்ற ஒருவரை மாபெரும் ஆட்டக்காரர் என்று சொல்லலாமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடையே ஒவ்வொரு பருவத்திலும் மூளும் சண்டை இது. அவ்வளவு பெரிய ஆள் என்றால் அணி ஏன் ஜெயிக்கவில்லை என்று ஒரு தரப்பு கேட்கும். மற்ற நால்வரும் சோபிக்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்று மறுதரப்பு மடக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்கும் அணியில் மாபெரும் ஆட்டக்காரர் இருக்க முடியும், இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குவித்த புள்ளிகள் அதற்குச் சாட்சி ஆகாது. கல்லூரி அணியின் வெற்றி தோல்விக் கணக்கு, பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் கதையைத்தான் சொல்கிறது. ஆட்டக்காரரின் கதையை வேறு இடத்தில் தேட வேண்டும்.

மராவிச்சிடமிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த வாதத்தின் இரு தரப்பும் கடைசியில் வந்து நிற்பது அவரிடம்தான். எல்.எஸ்.யூ. அமெரிக்கக் கால்பந்தின் கோட்டை. கூடைப்பந்துக்கு அங்கே மரியாதை குறைவு. அந்த அணி விளையாடிய பார்க்கர் அரங்கம் கால்நடைக் கண்காட்சிகளுக்காகக் கட்டப்பட்டது. பீட்டின் தந்தை பிரெஸ் மராவிச் 1966இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் பருவத்தில் அணி 3 ஆட்டங்களில் வென்று 23இல் தோற்றது. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்ற விதி அப்போது இருந்ததால், அந்த ஆண்டு பீட் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் பிரதான அணிக்கு வந்ததும் கணக்கு 14-12 ஆனது. அதற்கடுத்த பருவம் 13-13. கடைசிப் பருவம் 22-10. மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் 49 வெற்றி, 35 தோல்வி. சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 44.2 புள்ளிகள் எடுத்தவரின் அணிக்கு இது மெலிந்த அறுவடைதான். ஆனால் 3-23 என்ற பள்ளத்தில் கிடந்த அணிக்கு இது சாதாரண ஏற்றமும் அல்ல.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேசியப் போட்டித் தொடரில் அவர் ஒருமுறைகூட ஆடவில்லை என்பதைச் சிலர் குற்றப்பத்திரிகை போல வாசிப்பார்கள். அப்போது நடைமுறை என்னவாக இருந்தது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை. இன்று அந்தத் தொடரில் 68 அணிகள் ஆடுகின்றன. ஒரே கூட்டமைப்பிலிருந்து (கல்லூரிகள் பல சேர்ந்து தமக்குள் ஆடும் குழு) ஏழெட்டு அணிகள்கூட நுழைகின்றன. 1970இல் மொத்தமே 25 அணிகள்தான், ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே ஓர் அணிதான் போக முடியும். எல்.எஸ்.யூ. இருந்த தென்கிழக்குக் கூட்டமைப்பில் அந்த ஓர் இடத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது கென்டக்கி. மராவிச் ஆடிய மூன்று ஆண்டுகளில் கென்டக்கியுடன் மோதிய ஆறு ஆட்டங்களிலும் எல்.எஸ்.யூ. தோற்றது. 22-10 என்ற கணக்கோடு கூட்டமைப்பில் இரண்டாம் இடம் பிடித்த அணி இன்றாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே போயிருக்கும். அன்று வேறொரு அழைப்புத் தொடருக்குப் போய் நான்காம் இடத்தோடு திரும்பியது.

சரி, இப்போது மறுபக்கம். மராவிச் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 38 முறை பந்தை வளையத்தை நோக்கி எறிந்தார். தந்தையே பயிற்சியாளர், மகனே ஆட்டத்தின் அச்சு. 83 ஆட்டங்களில் 3,166 எறிகள், அவற்றில் 1,387 உள்ளே விழுந்தன. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிகளான ஃப்ரீ த்ரோக்களையும் கணக்கில் எடுத்து, அவர் செலவழித்த வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளி கிடைத்தது என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்று வருகிறது. தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு இல்லாத காலத்தில், எப்போதும் இரண்டு பேர் மேலே விழுந்துகொண்டிருந்த நிலையில், இது நல்ல விகிதம்தான். ஆனாலும் 44.2 என்ற எண் நம் மனத்தில் எழுப்பும் பிரமிப்பு அளவுக்கு இல்லை. அந்த எண்ணின் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளின் எண்ணிக்கையிலிருந்து வந்தது.

அவருடைய மேன்மை வேறு இடத்தில் இருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்தும் கால்களுக்கு இடையிலிருந்தும், பார்வையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே மறுபக்கம் அவர் தட்டிவிட்ட பந்துகளைப் பழைய படச்சுருள்களில் இன்றும் பார்க்கலாம். அது வெறும் வித்தை காட்டுவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. தற்காப்பு ஆட்டக்காரரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, அந்தக் கால் நகர முடியாத நொடியில் பந்தை விடுகிறார். சக ஆட்டக்காரருக்கே பந்து வருவது தெரியாமல் போகும் அளவுக்கு அந்தக் கணிப்பு முந்தியிருந்தது. 13-13 என்ற பருவத்திலும் அந்தக் கண் அவரிடம் இருந்தது, 22-10 பருவத்திலும் இருந்தது. அணியின் கணக்கு மாறியது. அவருடைய கண் மாறவில்லை. பெருமை என்று நான் சொல்வது இதைத்தான்.

வெறும் எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 1991 ஜனவரி 5ஆம் தேதி நடந்த ஆட்டத்தை விடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது. சான் டியாகோவில் இருந்த யு.எஸ். இன்டர்நேஷனல் என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் கெவின் பிராட்ஷா, லயோலா மேரிமவுன்ட் அணிக்கு எதிராக 72 புள்ளிகள் எடுத்தார். முதல்நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு எதிராக மராவிச் எடுத்த 69 என்ற சாதனை அன்று வீழ்ந்தது. பிராட்ஷா எறிந்தது 59 முறை, உள்ளே போனது 23. ஆட்டத்தின் கணக்கு: லயோலா மேரிமவுன்ட் 186, யு.எஸ். இன்டர்நேஷனல் 140. சாதனை படைத்தவரின் அணி 46 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. பந்து கைக்கு வந்த சில நொடிகளிலேயே எறிந்துவிட்டு மீண்டும் ஓடும் பாணி லயோலாவுடையது. அந்த வேகத்தில் இரு அணிக்கும் வாய்ப்புகள் மளமளவென்று பெருகின. 72 என்ற எண்ணில் பிராட்ஷாவின் திறமைக்குப் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் வேகத்துக்கும், வேறு யாரும் எறிய முன்வராத அணியின் வெறுமைக்கும் அதில் பெரும் பங்கு இருக்கிறது.

தோற்கும் அணியில் புள்ளிகள் எப்படிக் குவிகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்லூரி ஆண்கள் ஆட்டம் 40 நிமிடம். ஒரு முறை பந்து கைக்கு வந்தால் 30 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். இன்றைய வேகத்தில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் 70 முறை பந்து கைக்கு வருகிறது. அந்த 70 வாய்ப்புகளையும் யாராவது ஒருவர் முடித்து வைத்தே ஆக வேண்டும்: புள்ளியாகவோ, தவறிய எறியாகவோ, பறிகொடுத்த பந்தாகவோ. களத்தில் ஐவர் இருப்பதால் சராசரிப் பங்கு ஐந்தில் ஒன்று. நல்ல அணியில் நட்சத்திர ஆட்டக்காரர் நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்வார், மீதியை மற்றவர்கள் பொறுப்பாக முடிப்பார்கள். மோசமான அணியில் மற்றவர்களிடம் பந்து போனால் வீணாகிறது என்று பயிற்சியாளருக்குத் தெரியும். அதனால் நட்சத்திரத்தின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறது. புள்ளிகள் ஏறும். ஆனால் பங்கு ஏற ஏற, எளிய எறிகள் தீர்ந்து கடினமான எறிகளே மிஞ்சும். ஒவ்வொரு வாய்ப்பின் பலனும் குறையும். ஆகவே அதே ஆள், அதே திறமை, ஆனால் மோசமான அணியில் அதிகப் புள்ளியும் குறைந்த துல்லியமும் கொண்டவராகத் தெரிவார். அந்த இரண்டு எண்களில் எதை எடுத்துக்கொண்டு வாதாடினாலும் தவறாகத்தான் முடியும்.

இதைவிட முக்கியமானது இரண்டாவது காவலாள், அதாவது நட்சத்திரத்தைத் தடுக்க எதிரணி கூடுதலாக அனுப்பும் ஆள். கிரிக்கெட்டில் அணி தோற்ற ஆட்டத்தில் ஒருவர் சதம் அடித்தால் அந்தச் சதத்தின் மதிப்பை யாரும் குறைப்பதில்லை. அவர் மட்டையைப் பிடித்திருக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வரும். கூடைப்பந்தில் எதிரணி நினைத்தால் ஒருவர் மேல் இருவரை ஏவலாம், மூவரையும் ஏவலாம். அப்போது சக ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நட்சத்திரத்தின் கணக்கையே மாற்றிவிடுகிறது.

2008 நவம்பரில் டேவிட்சன் கல்லூரிக்கும் மேரிலாந்தின் லயோலா அணிக்கும் (இது லயோலா மேரிமவுன்ட் அல்ல, வேறு கல்லூரி) நடந்த ஆட்டத்தை இதற்காகவே நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. டேவிட்சனின் ஸ்டெஃபன் கரி அப்போது நாட்டிலேயே பேசப்பட்ட பெயர். லயோலாவின் பயிற்சியாளர் ஒரு முடிவெடுத்தார்: பந்து எங்கே இருந்தாலும் சரி, இரண்டு பேர் கரியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கரி என்ன செய்தார்? களத்தின் மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு காவலாட்களும் அவரோடு மூலைக்குப் போனார்கள். மீதி இடத்தில் டேவிட்சனின் நால்வர் லயோலாவின் மூவரோடு ஆடினார்கள். ஆட்டம் முழுவதும் கரி எறிந்தது மூன்றே முறை, எடுத்த புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று வென்றது. புள்ளிவிவரத் தாளில் அது அவருடைய மிக மோசமான ஆட்டம். என் கண்ணில் அவருடைய கல்லூரிக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டங்களில் அதுவும் ஒன்று.

இப்போது அந்த நால்வரும் பந்தை உள்ளே போட முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரி அதே மூலையில், அதே பொறுமையோடு நிற்கிறார். அணி தோற்கிறது. மறுநாள் செய்தியில் 'கரி பூஜ்யம், டேவிட்சன் தோல்வி' என்று வரும். பத்து ஆட்டம் இப்படிப் போனால் மூலையில் நிற்க அவருக்கே மனம் வராது. இரண்டு பேருக்கு மேலாகக் குதித்து எறிய ஆரம்பிப்பார். தோற்கும் அணியின் நட்சத்திரம் சுயநலக்காரராகத் தெரிவதன் பின்னால் பெரும்பாலும் இந்த இயக்கம்தான் இருக்கிறது.

கல்லூரி அணியின் வெற்றிக் கணக்கு கல்லூரியின் கதை என்று சொன்னேன். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2016-17 பருவத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே ஆடிய மார்கெல் ஃபுல்ட்ஸ் ஆட்டத்துக்கு 23.2 புள்ளி, 5.9 அசிஸ்ட் (சக ஆட்டக்காரரின் புள்ளிக்கு வழிவகுத்த பந்து), 5.7 ரீபவுண்ட் (தவறிய எறியில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) என்று கலக்கினார். மூன்று புள்ளி எறிகளில் பத்துக்கு நான்குக்கு மேல் உள்ளே போட்டார். அணியின் கணக்கு 9-22. பருவத்தின் கடைசி 13 ஆட்டங்களிலும் தோல்வி. பயிற்சியாளர் லொரென்சோ ரோமர் பதவி இழந்தார். இதில் ஃபுல்ட்ஸின் பங்கு என்ன? முந்தைய ஆண்டு அதே அணியிலிருந்த மார்கீஸ் கிறிஸ், டிஜூன்டே முர்ரே ஆகிய இருவரும் ஓராண்டு மட்டுமே ஆடிவிட்டு தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள், அந்த லீக்கின் அணிகள் புதியவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இருவரும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். அவர்கள் இருந்தபோதும் அணி தேசியத் தொடருக்குத் தகுதி பெறவில்லை. திறமைசாலிகளைக் கொண்டுவருவதில் கெட்டிக்காரத்தனம் இருந்தது; அவர்களைச் சுற்றி மூன்று, நான்கு ஆண்டு சேர்ந்து ஆடிய அணி ஒன்றை வளர்ப்பது அங்கே நடக்கவில்லை. காலியான வீட்டுக்கு வந்தவர் ஃபுல்ட்ஸ்.

2024-25இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதைவிடத் தெளிவு. நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர்களில் இருவர், டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும், ஒரே நேரத்தில் அங்கே சேர்ந்தார்கள். ஹார்ப்பர் சராசரியாக 19.4 புள்ளி எடுத்தார், பெய்லி 17.6. பருவம் முடிந்ததும் ஹார்ப்பரை டிராஃப்டில் இரண்டாவதாக சான் அன்டோனியோ எடுத்தது, பெய்லியை ஐந்தாவதாக யூட்டா எடுத்தது. இப்படி இருவரை வைத்துக்கொண்டு ரட்கர்ஸ் பெற்ற கணக்கு 15-17. கென்னசா ஸ்டேட்டிடம் தோற்றார்கள். பிரின்ஸ்டனிடம் ஒரு புள்ளியில் தோற்றார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய ஆண்டும் ரட்கர்ஸின் கணக்கு அதே 15-17தான்.

இதை வைத்து ஹார்ப்பரும் பெய்லியும் வந்ததால் ஒரு பயனும் இல்லை என்று முடிவு கட்டுவது எளிது. அப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் முந்தைய ஆண்டு அந்த அணியின் தற்காப்புக்குத் தூணாக வளையத்தடியில் நின்ற கிளிஃப் ஒமொருயி, இவர்கள் வருவதற்குள் அலபாமாவுக்கு மாறிப் போயிருந்தார். 18, 19 வயதுப் பையன்கள் இருவர், எதிரே 22, 23 வயது இளைஞர்கள், நடுவில் வளையத்தைக் காக்க ஆள் இல்லை. பெய்லி இந்தியானாவுக்கு எதிராக 39 புள்ளி எடுத்த ஆட்டத்தில் ரட்கர்ஸ் 84-74 என்று தோற்றது. தாக்குதலில் இருவர் சேர்த்ததைத் தற்காப்பில் இழந்தார்கள். இரண்டு எண்களும் ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டன.

டிராஃப்டில் முதலிடம் பெற்றும் கல்லூரியில் சோபிக்காத அணிகளில் ஆடியவர்கள் மூவரை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். 2016இல் எல்.எஸ்.யூ.வின் பென் சிம்மன்ஸ், 2017இல் ஃபுல்ட்ஸ், 2020இல் ஜார்ஜியாவின் அந்தோணி எட்வர்ட்ஸ். சிம்மன்ஸின் அணி 19-14. தோல்வி அணி என்று சொல்ல முடியாது என்றாலும், 19.2 புள்ளி, 11.8 ரீபவுண்ட், 4.8 அசிஸ்ட் எடுத்த ஒருவரை வைத்துக்கொண்டு தேசியத் தொடரில் இடம் பெறவில்லை. கூட்டமைப்பு அரையிறுதியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 71-38 என்று நொறுங்கியது. எட்வர்ட்ஸின் அணி 16-16. அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு நாற்பதுதான் உள்ளே போயின, மூன்று புள்ளி எறிகளில் முப்பதுகூட இல்லை.

இந்த மூவரும் பிறகு என்ன ஆனார்கள்? ஃபுல்ட்ஸைத் தோள்பட்டைக் கோளாறு முடக்கியது; தோராசிக் அவுட்லெட் சின்ட்ரோம் என்று 2018 இறுதியில்தான் கண்டுபிடித்தார்கள். 9-22 என்ற கணக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சிம்மன்ஸ் 2018இல் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார், லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானார், தற்காப்பில் லீக்கின் சிறந்தவர்களில் ஒருவராக விளங்கினார். பிறகு அவர் தேங்கிப் போனதற்கு எறிய மறுத்ததும் ஒரு காரணம். அந்தக் குறை எல்.எஸ்.யூ.விலேயே வெளிச்சமாகத் தெரிந்தது: ஒரு முழுப் பருவத்தில் அவர் முயன்ற மூன்று புள்ளி எறிகள் மொத்தமே மூன்று. அணி வென்றதா தோற்றதா என்று பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர் எங்கிருந்து எறிகிறார், எங்கே தயங்குகிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

எட்வர்ட்ஸ் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2019 நவம்பரில் ஹவாயின் மாவி தீவில் மிச்சிகன் ஸ்டேட் அணியோடு ஓர் ஆட்டம். முதல் பாதியில் எட்வர்ட்ஸ் எடுத்தது நான்கே புள்ளி, ஜார்ஜியா பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் 33 புள்ளிகள். கையை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கும் காவலாளுக்கு மேலே, ஒன்றன்பின் ஒன்றாக. ஜார்ஜியா கடைசியில் 93-85 என்று தோற்றது. அந்த ஆட்டத்தைப் பார்த்து இரண்டு முடிவுக்கு வரலாம். முதல் பாதியில் தூங்கியவர், அணி தோற்றது, ஆகவே ஆள் வேண்டாம் என்பது ஒன்று. அந்த உடல் வேகமும், எந்த எறியையும் தானே உருவாக்கிக்கொள்ளும் திறனும், களத்தில் இடம் உருவாக்கித் தரும் சக ஆட்டக்காரர்களோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பது மற்றொன்று. என்.பி.ஏ.வின் மின்னசோட்டா அணி இரண்டாவது கேள்வியைக் கேட்டது. 2024இலும் 2025இலும் அந்த அணியை மேற்குப் பிரிவு இறுதிக்கு அழைத்துப் போனவர் எட்வர்ட்ஸ். பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியிலும் இருந்தார்.

முதலிடம் பெறாதவர்களிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பால் ஜார்ஜ் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். 13-21, 15-18 என்று இரண்டுமே தோல்விப் பருவங்கள். 2010 டிராஃப்டில் பத்தாவதாக என்.பி.ஏ.வின் இந்தியானா அணி அவரை எடுத்தது. அவருக்கு ஒரு இடம் முன்னால் போனவர் கார்டன் ஹேவர்ட். சிறிய பட்லர் பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டு தேசிய இறுதிவரை கொண்டுபோய், டியூக்கிடம் 61-59 என்று இரண்டே புள்ளியில் கோப்பையை நழுவவிட்ட அணியின் நாயகன். ஹேவர்ட் நல்ல ஆட்டக்காரர், ஒருமுறை ஆல்-ஸ்டார். ஜார்ஜ் ஒன்பது முறை ஆல்-ஸ்டார். கல்லூரிக் கணக்கை மட்டும் வைத்து இந்த இருவரையும் எடை போட்டவர்கள் எவ்வளவு தூரம் தப்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். லாரி பேர்ட். 1975-76இல் இந்தியானா ஸ்டேட் அணியின் கணக்கு 13-12. அடுத்த ஆண்டு பேர்ட் களமிறங்கினார், 25-3. 1978-79இல் தொடர்ந்து 33 வெற்றி, கடைசி ஆட்டமான தேசிய இறுதியில் மட்டும் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோல்வி. சாதாரண அணி, பெரிய பெயர் இல்லாத கல்லூரி, ஆனாலும் ஒருவர் வந்ததும் எல்லாம் மாறியது. மாபெரும் ஆட்டக்காரர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. பேர்ட் எறிந்த எறிகளைவிட, அவர் பந்தைப் பிடித்து விடும் நேரம், ரீபவுண்டுக்கு நிற்கும் இடம், தற்காப்பில் அடுத்தவரின் பிழையை மூடும் முன்யோசனை ஆகியவைதான் சக ஆட்டக்காரர்களை உயர்த்தின. சில திறமைகள் அடுத்தவருக்குப் பரவும். சில திறமைகள் உடையவரோடு நின்றுவிடும். மற்றவை சமமாக இருந்தால் பரவும் திறமையே உயர்ந்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேர்டை அளவுகோலாக வைத்து எல்லோரையும் அளந்தால் அந்த அளவுகோலுக்கு எட்டுபவர் தலைமுறைக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். தவிர, பேர்ட் உயர்த்தியது 13-12 அணியை. அதாவது பாதிக்கு மேல் வெல்லத் தெரிந்த அணியை. 3-23 அணியையோ, முக்கிய ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்ட அணியையோ அல்ல. வேலை கற்ற நால்வர் இருந்தால்தான் ஐந்தாமவர் அவர்களை மேலே தூக்க முடியும்.

தோல்வி ஆட்டக்காரரைக் கெடுக்கும் என்பதும் உண்மை. 20 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எதிரணி இறுக்கத்தைத் தளர்த்திவிடும். அப்போது எடுக்கும் புள்ளிகள் காகிதத்தில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அவற்றை எடுத்துப் பழகியவர் மோசமான பழக்கங்களோடு வெளியே வருவார். தற்காப்பில் திரும்பி ஓடாமல் நடந்து வருவது, முதல் பார்வையிலேயே எறிந்துவிடுவது, சக ஆட்டக்காரர் மேல் நம்பிக்கை இழப்பது எல்லாம் அப்படி வந்து சேர்பவை. ஒரு தோல்வி அணியின் ஆட்டத்தைப் பார்க்க உட்காரும்போது நான் நட்சத்திரத்தின் எறிகளைவிட இவற்றைத்தான் கவனிப்பேன்: இரண்டாவது காவலாள் வந்ததும் பந்து எவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகிறது, போன பிறகு அவர் நிற்கிறாரா நகர்கிறாரா, எறி தவறிய பிறகு எத்தனை அடி ஓடித் திரும்புகிறார், அவர் ஓய்வுக்கு உட்கார்ந்த நான்கைந்து நிமிடத்தில் வித்தியாசம் எவ்வளவு பெருகுகிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம். 12 புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்த 35 நிமிடத்தில் அணி சமமாக ஆடி, இல்லாத 5 நிமிடத்தில் 12 புள்ளி இழந்திருந்தால், அந்தத் தோல்வியை அவர் தலையில் எழுதுவது அநியாயம்.

அன்டுவான் டேவிஸ் என்ற பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்கள், 144 ஆட்டங்கள், ஒன்றில்கூடப் பத்துப் புள்ளிக்குக் குறையவில்லை. பயிற்சியாளர் அவருடைய தந்தை மைக் டேவிஸ். 2022இல் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுத்துவிட்டு, மனம் மாறித் திரும்பி வந்தார். 2023 மார்ச்சில் யங்ஸ்டவுன் ஸ்டேட்டிடம் கூட்டமைப்புக் காலிறுதியில் அணி தோற்றபோது அவருடைய மொத்தப் புள்ளி 3,664. மராவிச் கல்லூரியில் எடுத்த மொத்தமான 3,667க்கு மூன்று குறைவு. 14-19 என்ற கணக்கோடு இருந்த அணியை வேறு எந்தத் தொடரும் அழைக்கவில்லை, எனவே அந்த மூன்று புள்ளிக்கு இன்னோர் ஆட்டம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவும் இல்லை. மராவிச்சுக்கு மிக அருகில் வந்த எண், ஆனால் என்.பி.ஏ. தேர்வாளர்கள் அதில் மராவிச்சைப் பார்க்கவில்லை. உயரம் குறைவு, தற்காப்பில் ஐயம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அதற்காக, ஐந்தாண்டுகள் ஒரே சிறிய கல்லூரியில் நின்று ஒவ்வொரு இரவும் எதிரணியின் முழுக் கவனத்தையும் சுமந்தவரின் உழைப்பைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது.

அப்படி நிற்பவர்கள் இனி அரிது. 2021 முதல் கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் தம் பெயரையும் முகத்தையும் வைத்து அவர்கள் பணம் ஈட்டவும் முடிகிறது. சிறிய அணியில் ஒரு பருவம் பளிச்சென்று ஆடியவருக்கு அடுத்த வசந்தத்தில் பெரிய கல்லூரிகளின் அழைப்புகள் வந்துவிடுகின்றன. போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இதனால் விட்டுச் சென்ற அணி இன்னும் மோசமாகிறது. சேர்ந்த அணியில் அவருடைய பங்கு சுருங்கி, 23 புள்ளி எடுத்தவர் 12 எடுப்பார். புள்ளிகளைப் பார்த்து அவரைக் கொண்டாடியவர்கள் இப்போது அவர் சரிந்துவிட்டார் என்பார்கள். ஆனால் 23 எடுத்த ஆண்டில் மூவர் சூழ்ந்த இடுக்கிலிருந்து பந்தை வெளியே அனுப்பப் பழகியிருந்தால், 12 எடுக்கும் ஆண்டில் அதே பந்து ஆளில்லாத இடத்தில் நிற்கும் நல்ல எறிகாரரின் கைக்குப் போய்ச் சேரும். இரண்டு ஆண்டுப் படச்சுருள்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கும் தேர்வாளர்கள் தேடுவது அதைத்தான்.